சல்லிக் கரையில் ஒரு போயா வைத்தியம்

இரத்தினசிங்கம் வலது கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து திருகோணமலையில் அவருடைய மதிப்பு இரண்டு மடங்காகிவிட்டது. வெள்ளைக்காரன் இருந்த காலத்திலேயே கடற்படைத் தளத்தில் கடிதமும் கணக்கும் எழுதும் பிரதம லிகிதராகிப் பின்னர் பென்சன் எடுத்தவர் அவர். அந்தக் காலம் முழுவதும் கையை வீசித்தான் நடந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது வெள்ளைக் கோட்டின் பொத்தான்களுக்கு இடையில் விரல்களைச் செருகி, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு அவர் கடைத்தெருவால் வந்தால் சைக்கிள்கள் ஓரம் கட்டின. "என்ன ஒரு கம்பீரம்!" என்றார்கள். அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்த இளம் லிகிதர்கள் நாலைந்து பேர் தாங்களும் அப்படியே கை வைத்துப் பழகினார்கள். அவர்களில் ஒருவர் அந்தக் கம்பீரத்தோடு சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டார். ஆனாலும் பழக்கத்தை விடவில்லை.

உண்மை அவருடைய மனைவி கமலேஸ்வரி ஒருத்திக்குத்தான் தெரியும். தோள்மூட்டு இறுகிப்போய்விட்டது. கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது. காலையில் அவருக்குச் சீப்பால் தலை இழுத்து, முதுகு தேய்த்து, கோட்டின் கைக்குள் அந்தக் கையை ஆடாமல் நுழைத்து வெளியே அனுப்புவது அவள் வேலை.

"ஊர் முழுக்க உங்களை மகாராசா எண்டு கும்பிடுது. மகாராசாவுக்கு முதுகு சொறிஞ்சு விடுறது ஆர் எண்டு ஒருத்தரும் கேக்கினமில்லை," என்பாள்.

"மெல்லக் கதையும் கமலம். சன்னல் திறந்து கிடக்குது."

மூதூர்ப் பரிகாரி கொடுத்த மருந்தெண்ணெய் ஒரு போத்தல் முடிந்தது. ஆசுப்பத்திரி மாத்திரைகள் வயிற்றை எரித்ததோடு சரி. இந்த நிலையில்தான் அவர் 'இயற்கை இசை நலவாழ்வு மன்றம்' என்ற ஒன்றைத் தொடக்கித் தாமே தலைவரானார். ஊரின் நலம் கருதி மன்றம் அமைத்தார் என்று பத்திரிகையில் நாலு வரி வந்தது. ஊர் என்று பத்திரிகை எழுதியது உண்மையில் அவருடைய ஒரு தோள்மூட்டைத்தான்.

மன்றத்தின் முதல் முகாம் 1968 சித்திரைப் பூரணைக்கு. அந்த வருடங்களில் நமது நாட்டில் ஞாயிற்றுக்கிழமை வேலைநாள். கந்தோரை எப்போது மூடுவதென்று நிலவுதான் தீர்மானித்தது. பூரணை, அமாவாசை, இரண்டு அட்டமி என்று வரும் போயாவுக்கு முதல்நாள் அரைநாள் லீவு, போயாவன்று முழு லீவு. வார இறுதி திங்களில் வரும், வியாழனில் வரும். எப்போது வருமென்று கலண்டரைப் பார்க்காமல் சொல்ல ஏலாது. வந்தால் பட்டினம் முழுவதும் கரைக்குப் போய்விடும். ஆகவே, போயாவுக்கு முதல்நாள் பின்னேரம் சல்லிக் கடற்கரையில் இசையும் சொற்பொழிவும், போயா காலையில் அதே கரையில் மூச்சுப் பயிற்சி, பிறகு புண்ணியத் தலமான கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் குளிப்பு என்று திட்டம் போடப்பட்டது.

நிகழ்ச்சி நிரல் எழுதியவர் ஞானபாகர். இயற்கை வைத்திய நிபுணர் என்று கொழும்பிலிருந்து தம்மைத் தாமே சிபாரிசு செய்து கடிதம் போட்டு இணைந்தவர். அச்சாகிக் கைக்கு வந்த பிறகுதான் கடைசி வரி தலைவரின் கண்ணில் பட்டது:

'தலைவர் அவர்கள் ஏழு கிணற்று நீரையும் தமது வலது கரத்தால் தலைக்கு மேல் உயர்த்தி ஊற்றி முகாமை நிறைவு செய்வார்.'

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

"இடது கையால ஊத்துங்கோவன்," என்றாள் கமலேஸ்வரி.

"கன்னியாவிலயோ? இடது கையாலயோ? சனம் என்ன சொல்லும்!"

"அப்ப சுகமில்லை எண்டு சொல்லிப்போட்டு வீட்டில இருங்கோ."

"நலவாழ்வு மன்றத் தலைவருக்குச் சுகமில்லையோ? நீர் விசர்க்கதை கதையாதையும். ஞானபாகர் வாறார். அவரின்ர மூச்சுப் பயிற்சியில முடவனும் எழும்பி நடக்கிறானாம்."

"ஆர் சொன்னது?"

"அவர்தான் சொன்னவர்."

முதல்நாள் பின்னேரம் சல்லிக் கரை நிறைந்துவிட்டது. லிங்கநகரிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் வந்த குடும்பங்கள், கிண்ணியாவிலிருந்து லொறியில் வந்தவர்கள், ஆசுப்பத்திரித் தாதிமார், ஆசிரியர்கள், நெஞ்சில் கை வைத்த லிகிதர்கள். பெரிய மனிதர்கள் உட்கார இருநூறு கதிரை வந்தது. அவற்றைத் தூக்கி அடுக்க, சல்லியில் கரைவலை வைத்திருந்த சம்மாட்டி தங்கத்துரையின் ஆட்களில் பாதிப்பேரைத் தலைவர் இரண்டு நாளுக்குக் கூலிக்கு எடுத்துவிட்டார். கதிரை தூக்குவது வலை இழுப்பதைவிட லேசு, கூலியும் கூட. தங்கத்துரை தலையைச் சொறிந்துகொண்டு பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த வலையில் கயிற்றின் முன்னால் நின்று பாட்டெடுத்துக் கொடுப்பவர் கிண்ணியா அபூதாஹிர். அவர் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று இழுப்பார்கள். அம்பா என்று அதற்குப் பெயர். அபூதாஹிர் சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு தலைவரிடம் வந்தார்.

"ஐயா, எங்கட அம்பாவையும் ஒருக்கா மேடையில வைப்பமே? சனம் இருக்கு, நிலவும் வருது."

"அபூதாஹிர், அது தொழில். கலை எண்டது வேறை."

"தொழில்தான் ஐயா. அது இல்லாட்டி வலை வராதே."

"நிரலிலே 'உள்ளூர் நிகழ்ச்சிகள், நேரமிருப்பின்' எண்டு போட்டிருக்கு. பாப்பம்."

நேரமிருக்கவில்லை. மௌனத்தின் மேன்மை பற்றி ஞானபாகர் பேசத் தொடங்கியபோது நிலவு கடலை ஒட்டிக் கிடந்தது. முடித்தபோது உச்சிக்குப் பக்கத்தில் நின்றது. ஊன் உண்பது உள்ளத்தை இறுக்கும், மீன் நரம்பைத் தளர்த்தும் என்று அவர் சொன்னபோது, பின்வரிசைச் சல்லிப் பெண்கள் பேசாமல் எழும்பி வீட்டுக்குப் போய் மீன்குழம்பைச் சூடாக்கினார்கள். கொழும்பிலிருந்து வந்த வயலின்காரர் ஒரே ஒரு கீர்த்தனையை வாசித்துவிட்டு, உப்புக் காற்று தந்திக்குக் கூடாது என்று வான் வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை. சூரியன் கடலுக்கு மேலே நாலு விரல் எழும்பியிருந்தது. தூரத்துத் தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது, கரையில் மட்டும் அலை விடாமல் இரைந்தது. மணலில் பாய்கள். ஞானபாகரின் உத்தரவுப்படி எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஞானபாகர் கொண்டுவந்த ஒலிப்பதிவுப் பெட்டியில் நாடா சுழன்றது. அதிலே கொழும்புப் பக்கத்துக் கல்கிசைக் கடலின் அலையோசை. அதைக் கேட்டு மூச்சை இழுத்து விடவேண்டும்.

"சத்தம் காணாது. கூட்டும், கூட்டும்," என்றார் ஞானபாகர்.

பட்டினத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஸெய்னுதீன் ஒலிக் குமிழை முடிந்தமட்டும் திருகினான். "இதுக்கு மேல ஏலாது சேர். பின்னால கிடக்கிற கடலைக் கொஞ்சம் நிப்பாட்டினா உங்கட கடல் வடிவாக் கேக்கும்."

ஞானபாகர் அவனைப் பார்த்தார். ஸெய்னுதீன் முகத்தை மிகவும் மரியாதையாக வைத்துக்கொண்டான். அவனுக்கு வேறொரு கட்டளையும் இருந்தது: தலைவர் எழுந்து நின்ற கணமே ஒலிவாங்கியைப் பெட்டியில் பொருத்தி அவருடைய உரையைப் பதிவு செய்யவேண்டும்.

தலைவர் முன்வரிசையில் கண்ணை மூடியிருந்தார். மூச்சை இழுத்தார், விட்டார். பிறகு ஒருவரும் பாராமல் கையை மெல்ல எழுப்பிப் பார்த்தார். கோட்டின் மூன்றாம் பொத்தான்வரை வந்தது. அங்கேயே நின்றது. கன்னியாவுக்குப் புறப்பட இன்னும் கொஞ்ச நேரம்தான். பெண்கள் பக்கத்திலிருந்து கமலேஸ்வரி புருவத்தை உயர்த்தினாள். அவர் தலையை ஆட்டினார், இல்லையென்று.

அப்போதுதான் 'ஏலேலோ' என்ற சத்தம் இரண்டு பக்கத்தாலும் நெருங்கியது.

கரைவலை இழுக்கிறவர்கள் ஓரிடத்தில் நின்று இழுப்பதில்லை. வலையின் இரண்டு நுனியிலும் கட்டிய நீளக் கயிறுகளை இரண்டு அணிகள் வெகுதூரத்தில் நின்று பிடித்து, இழுக்க இழுக்க ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வரும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மீன் கிடக்கும் மடி கரையேறும். அன்று அந்த இடத்தில் இயற்கை இசை நலவாழ்வு மன்றம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது.

முதலில் ஒரு கயிறு தாதிமாரின் பாய்களுக்கு மேலால் வந்தது. பிறகு மற்றக் கயிறு ஆசிரியர்களை எழுப்பியது. தலைவர் துள்ளி எழுந்தார். அவர் எழுந்ததைக் கண்ட ஸெய்னுதீன் கட்டளைப்படி ஒலிவாங்கியைப் பொருத்திப் பெட்டியின் பதிவு விசையை அழுத்தினான். கையில் இருந்தது ஒரே நாடாதான். கல்கிசைக் கடலின்மேல் பதிவு ஏறத் தொடங்கியது.

"தங்கத்துரை! இதென்ன ஒழுங்கில்லாத வேலை! நிப்பாட்டு வலையை!"

"விட்ட வலையை நிப்பாட்ட ஏலாதய்யா!" தங்கத்துரை கயிற்றோடு சரிந்து நின்று கத்தினான். "விடிய விட்டது. மடிக்குள்ள பாரைக்கூட்டம் விழுந்திருக்கு. கனம் கண்டபடி இழுக்குது. எனக்கு ஆள் காணாது. என்ர ஆக்கள் உங்கட கதிரை தூக்கினமே!"

உண்மைதான். கதிரைக்குப் பக்கத்தில் நின்ற வலைகாரர்கள் தலைவரின் முகத்தையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு கதிரைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அப்போதும் காணாது. கயிறு முன்னால் வராமல் பின்னால் போனது. தங்கத்துரையின் குதிக்கால்கள் மணலில் வாய்க்கால் வெட்டின.

"பிடியுங்கோ!" என்று ஒரு பெண்குரல். கமலேஸ்வரி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் தாதிமார். பிறகு ஆசிரியர்கள். பிறகு கிண்ணியா லொறியில் வந்த அத்தனைபேரும். லிகிதர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒற்றைக் கையால் பிடிக்கலாமா என்று யோசித்து, இடது கையால் பிடித்தார்கள்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றில் கை வைத்தவர் எவராயிருந்தாலும் அவருக்குக் கறிக்கு மீன் உண்டு. அதேபோல, கயிற்றில் நிற்கிறவரையும் பக்கத்தில் நிற்கிறவரையும் பாட்டில் எதுவும் சொல்லலாம், கோபிக்கக் கூடாது. வலை கரையேறிய பிறகுதான் மரியாதை திரும்பி வரும். அபூதாஹிர் சனத்தை ஒருமுறை பார்த்தார். இருநூறு பேர். மேடை கிடைக்காத பாட்டுக்குக் கிடைத்த கூட்டம். குரலை உயர்த்தினார்.

"கொழும்புக் கடல் பெட்டிக்குள்ள வந்ததடி..."

"ஏலேலோ!"

"குழாய்க்குள்ளால அலையடிச்சு நிண்டதடி..."

"ஏலேலோ!"

சிரிப்பில் கயிறு ஒருமுழம் முன்னால் வந்தது. ஞானபாகர் பெட்டியைக் காப்பாற்ற அதன்மேல் துண்டைப் போட்டார். அபூதாஹிரின் பார்வை இப்போது தலைவரிடம் போனது. தலைவர் இரண்டு கயிறுகளுக்கும் நடுவில், நெஞ்சில் கையோடு, சிலை மாதிரி நின்றார்.

"கோட்டுக்குள்ள கைய வச்ச ராசாவே..."

"ஏலேலோ!"

"கொஞ்சம் கயித்தில வச்சாக் கனம் லேசாவே..."

"ஏலேலோ!"

கயிற்றிலிருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். கமலேஸ்வரியும் பார்த்தாள். அவள் வாயைத் திறந்து பாடியதையும் அவர் கண்டார்.

இரத்தினசிங்கம் கோட்டைக் கழற்ற முயன்றார்; அது அவள் உதவியில்லாமல் நடக்காத காரியம். ஆகவே கோட்டோடு வந்து, வலது கையை இடது கையால் தூக்கி, ஒரு பொருளை வைப்பதுபோல் கயிற்றில் வைத்து விரல்களை மடக்கினார். இதைக் கண்ட தங்கத்துரையின் ஆள் ஒருவன், ஐயாவுக்குப் பழக்கமில்லை என்று இரங்கி, வலைகாரர் தோளில் குறுக்காகப் போடும் பட்டையை அவருடைய வலது தோளில் மாட்டி, அதன் நுனியைக் கயிற்றில் சுற்றிவிட்டான். இனி விட்டு ஓடவும் ஏலாது.

"பாரைக்கூட்டம் கரைக்கு வர மறுக்குதடி..."

"ஏலேலோ!"

முதல் இழுவையில் கண் இருண்டது. இரண்டாவதில் கடவுளின் பெயர்கள் வரிசையாக வந்தன. மூன்றாவதில் இருநூறு பேரும் ஒன்றாகப் பின்னால் சாய, வலை எதிர்த்து இழுக்க, விறைத்த கயிறு அவருடைய கையைப் பிடித்து முன்னாலும் மேலாலும் இழுத்துக்கொண்டு போனது. தோளுக்குள் பழைய கதவு ஒன்று திறந்த மாதிரி ஒரு சத்தம்.

"ஐயோ... அம்மா!" என்று கத்தினார்.

அது சரியாகத் தாளத்தில் விழுந்தது. புதிய அடி என்று நினைத்துக் கயிறு முழுவதும் திருப்பிச் சொன்னது:

"ஐயோ அம்மா! ஏலேலோ!"

அபூதாஹிருக்கும் அது பிடித்துப் போனது. அதற்குப் பிறகு வலை கரையேறும்வரை வேறு அடி இல்லை. ஐயோ அம்மா என்று ஆசிரியர்கள் இழுத்தார்கள், ஐயோ அம்மா என்று தாதிமார் சாய்ந்தார்கள். ஏதோ பெரிய சக்தி வாய்ந்த மந்திரம் என்று எண்ணி ஞானபாகரும் துண்டை விட்டுவிட்டு ஓடிவந்து கயிற்றைப் பிடித்து ஐயோ அம்மா என்றார். மடி மணலைத் தொட்டது. வெள்ளி வெள்ளியாய்ப் பாரை துள்ளியது. கரை முழுவதும் கை தட்டியது, கூவியது. அந்தக் கூவலுக்குள் இரத்தினசிங்கமும் இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கியபடி நின்றார். தூக்கியது அவருக்கே தெரியாது.

கமலேஸ்வரிதான் முதலில் கண்டாள். கயிறு கொண்டுவந்து விட்ட இடத்தில், ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நின்றபடி, கரை கேட்க அலறினாள். கூச்சலில் அது அப்போது ஒருவர் காதிலும் விழவில்லை.

பங்கு பிரித்தார்கள். எல்லோருக்கும் பாரை, ஓலையில் கோத்து. ஞானபாகருக்கும் ஒன்று கொடுத்தான் தங்கத்துரை. அவர் அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, ஆராய்ச்சிக்கு என்று சொல்லிப் பைக்குள் வைத்தார்.

கன்னியாவுக்குப் போகிற வழியில் ஜீப் குலுங்கக் குலுங்கத் தோள் மறுபடி இறுகியது. கை தானாகப் பொத்தான்களுக்கு நடுவில் போய் இருந்தது.

"திரும்பவும் பூட்டிப்போட்டுதோ?" என்று கமலேஸ்வரி காதுக்குள் கேட்டாள்.

"ஓம்."

ஏழு சதுரக் கிணறுகளைச் சுற்றியும் சனம் நெருக்கியடித்தது. கடற்கரையில் நின்றவர்களோடு பட்டினமும் சேர்ந்துகொண்டது. மீன் ஏற்றிய லொறியிலேயே வலைகாரரும் அபூதாஹிரும் வந்து இறங்கினார்கள். குளிக்கிற இடத்தில் கோட்டுப் போட ஏலாது. வேட்டியோடும் வெறும் மேலோடும் தலைவர் முதற்கிணற்றடியில் நின்றார். கோட்டுக்குள் இருந்தபோது கம்பீரமாயிருந்த அதே கை இப்போது நெஞ்சுவலி மாதிரித் தெரிந்தது. ஒரு தாதி தண்ணீர்ப் போத்தலோடு கிட்ட வந்து நின்றாள். லிகிதர்கள் மட்டும், அவர்களும் வெறும் மேலோடு, நெஞ்சில் கை வைத்துப் பின்னால் வரிசையாக நின்றார்கள்.

வாளி கையில் கொடுக்கப்பட்டது. அவர் அதை நிறைத்தார். வயிறுவரை தூக்கினார். அதற்கு மேலே வரவில்லை. சனம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. வெந்நீரிலிருந்து ஆவி எழும்பியது.

"தலைவர் தியானத்தில் நிற்கிறார்," என்று ஞானபாகர் ஒலிவாங்கியில் சமாளித்தார். "அவருடைய தியானத்துக்குக் கடலின் அமைதி துணை செய்யட்டும். ஸெய்னுதீன்!"

ஸெய்னுதீன் பெட்டியைப் பார்த்தான், தலைவரைப் பார்த்தான். "போடத்தான் வேணுமா சேர்?"

"போடும்!"

கல்கிசைக் கடல் கொஞ்ச நேரம் அலையடித்தது. பிறகு குழாய்களிலிருந்து, "தங்கத்துரை! இதென்ன ஒழுங்கில்லாத வேலை!" என்று தலைவரின் குரல் வெடித்தது. ஞானபாகர் திகைத்துப் பார்க்க, பெட்டிக்குள்ளிருந்து அபூதாஹிர் பாடினார். கோட்டுக்குள் கை வைத்த ராசா வந்தார். பிறகு கன்னியாக் காடு முழுவதும் எதிரொலிக்க, "ஐயோ... அம்மா!"

அதன் முடிவில், ஒலிவாங்கிக்குக் கிட்ட நின்றதால் மற்ற எல்லாக் குரலுக்கும் மேலாக, கமலேஸ்வரி:

"கை எழும்பிட்டுது! இஞ்சருங்கோ, ஆறு மாசமா ஒட்டிக்கிடந்த கை எழும்பிட்டுது! இனி உங்கட முதுகை நீங்களே தேயுங்கோ!"

நாடா முடிந்து சட்சட்டென்று அடித்தது. பின்வரிசையில் ஒரு லிகிதர் தன் கையைக் குனிந்து பார்த்தார். பிறகு மெல்ல அதைக் கீழே விட்டார். பக்கத்திலிருந்தவரும் விட்டார். முன்பல் உடைந்தவர் கடைசியாக விட்டார்.

இரத்தினசிங்கம் சனத்தைப் பார்த்தார். ஒளிப்பதற்கு இனி ஒன்றுமில்லை. அது ஒரு பாரம் என்று இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அவர் அபூதாஹிரின் பக்கம் திரும்பினார்.

"அபூதாஹிர்! நேரமிருக்கு. எடும் பாட்டை."

"என்ன பாட்டு ஐயா?"

"அதுதான். என்ர பாட்டு."

அபூதாஹிர் தொண்டையைச் செருமினார். லொறியடியில் நின்ற வலைகாரர் கயிறு இல்லாமலே காலை ஊன்றினார்கள்.

"கன்னியாவில் ஏழு கிணறு கொதிக்குதடி..."

"ஐயோ அம்மா! ஏலேலோ!" என்றது சனம் முழுவதும்.

'ஐயோ'வில் வாளி நெஞ்சைத் தாண்டியது. 'அம்மா'வில் காதை உரசியது. 'ஏலேலோ'வில் தலைக்கு மேலே போய்க் கவிழ்ந்தது. சுடுநீர் நரைத்த தலையால் வழிந்தது. அவர் கத்தினார், சனம் அதைவிடக் கத்தியது. இரண்டாம் கிணற்றில் கை இன்னும் லேசாகப் போனது. நாலாம் கிணற்றில் அவரே பாட்டெடுத்தார். ஏழாம் கிணற்றில் வாளியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு இருபக்கமும் திரும்பிக் காட்டினார், தேர்தலில் வென்றவர்போல. சனம் இன்னும் ஒன்று கேட்டது. அந்த எட்டாவது வாளி ஞானபாகரின் தலையில் ஊற்றப்பட்டது. மௌனத்தின் மேன்மை பற்றிப் பேசியவர் போட்ட சத்தம் அநுராதபுரம் றோட்டுவரை கேட்டது. அதுவும் தாளத்தில்தான் விழுந்தது.

அடுத்த மாதம் ஞானபாகர் கொழும்புப் பத்திரிகை ஒன்றில் தமது 'அலையொலி வைத்தியத்தின்' வெற்றி பற்றி எழுதினார். திருகோணமலையில் ஒருவரும் மறுப்பு எழுதவில்லை. அடுத்த பூரணைக்கு மன்றம் மறுபடியும் சல்லியில் கூடியது. கதிரை இல்லை, எல்லோரும் கடலைப் பார்த்து நின்றார்கள். நிகழ்ச்சி நிரலில் முதலில் அம்பா இருந்தது. 'தலைவர் உரை, நேரமிருப்பின்' என்று கீழே போட்டிருந்தது.

அது பிறகு. அன்று கன்னியாவில், ஈரம் சொட்டச் சொட்டத் தலைவர் மனைவியிடம் சீப்பைக் கேட்டார். கொடுத்தாள். அவர் அந்தச் சனத்தின் நடுவில் நின்று, வலது கையை முழுதாக உயர்த்தி, தன் தலையைத் தானே இழுத்தார். வகிடு கோணலாகத்தான் வந்தது. கமலேஸ்வரி அதைத் திருத்தப் போகவில்லை. ஒரு வாளியை எடுத்துக்கொண்டு தனக்கென்று ஒரு கிணற்றைத் தேடிப் போனாள்.